கரை தெரியும் தூரம்

சென்னை தெரிந்தது. அதுதான் நாகஜோதிக்குப் பொறுக்கவில்லை. ஒன்றுமே தெரியாமல் நாலு பக்கமும் தண்ணீராக இருந்தால்கூட, நடுக்கடலில் மாட்டிக்கொண்டோம், நம் கையில் என்ன இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இப்படி மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் கலங்கரை விளக்கம் தெரிகிறது, துறைமுகத்துக் கிரேன்கள் தெரிகின்றன, அவற்றுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் கட்டிடங்கள் தெரிகின்றன. அந்தக் கட்டிடங்களில் ஏதோ ஒன்றில் இன்று பத்து மணிக்கு அவள் பேரைக் கூப்பிடப்போகிறார்கள். கப்பல் மட்டும் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, கட்டிப்போட்ட மாடு முளையைச் சுற்றுகிற மாதிரி அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உள்ளே இடமில்லையாம். புயலுக்காகத் துறைமுகத்திலிருந்து வெளியே அனுப்பிய கப்பல்களெல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போகக் காத்து நிற்கின்றனவாம். நேற்று மத்தியானத்திலிருந்து ஒலிபெருக்கியில் இதையே சொல்கிறார்கள், முதலில் இந்தியில், பிறகு தமிழில், மன்னிப்புக் கேட்கிற தொனிகூட இல்லாமல். பயணிகள் ஒத்துழைக்க வேண்டுமாம். எதற்கு ஒத்துழைப்பது? சும்மா இருப்பதற்கு ஒத்துழைப்பு எதற்கு? காற்று அவள் முந்தானையைப் பிடுங்கி முகத்தில் அடித்தது. உப்பு. உதட்டில் உப்பு, கண்ணிமையில் உப்பு, கம்பியில் தடவினால் விரலில் மாவு மாதிரி உப்பு. குடிநீர் ஆய்வகத்தில் வேதியியலர் வேலை. எழுத்துத் தேர்வில் தேறியாகிவிட்டது, இன்று அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. கூப்பிடுகிற நேரத்தில் வராதவர்களுக்கு மறுவாய்ப்பு அளிக்கப்பட மாட்டாது. அந்த வரி அவளுக்கு மனப்பாடம். அளிக்கப்பட மாட்டாது. யார் அளிக்க மாட்டார்கள்? ஆளே இல்லாத வாக்கியம். திட்டுவதற்கு ஒரு முகம் இருந்தால் தேவலை. செல்லில் ஒரு கோடு சிக்னல் வந்ததும் அந்த அலுவலகத்துக்குப் போட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்து மணிக்கு முன்னால் எந்த அலுவலகத்தில் எடுப்பார்கள்.

திட்டுவதற்கு முகம் இல்லாமல் என்ன, இருக்கிறது. கீழே பங்க் படுக்கையில் சுருண்டு கிடக்கிறது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, கடல்தான் எங்களுக்கு ரோடு என்று சொன்ன முகம். போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவன், அலையெல்லாம் அவனுக்குத் தாலாட்டாம். கப்பல் கிளம்பிய முதல் மத்தியானம் அலை எழும்பித் தட்டுகளெல்லாம் உருண்டபோது முதலில் பக்கெட்டைக் கேட்டவன் சோலைராஜ்தான். அவள், ராமநாதபுரத்துக் கரிமூட்டக்காரர் மகள், கல்யாணம்வரைக்கும் கண்மாயைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காதவள், ஒருதடவைகூட வாந்தி எடுக்கவில்லை. அவன் தலையைப் பிடித்துவிட்டாள், பக்கெட்டைக் கழுவினாள், எதிர் பங்க்கில் இருந்த ராஜாமணி அக்கா கொடுத்த எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தாள். ராஜாமணி அக்கா போர்ட் பிளேரில் அவர்கள் தெருக்காரி. மகள் வீட்டுக்குப் போகிறாள். வாந்திக்கு நடுவிலும் அவளுக்குப் பேச்சு ஓயாது. "ஏத்தா, ஒம் புருசன் ஒனக்குப் பதிலா எடுக்குறானாக்கும் வாந்தி? நீ எடுத்தாலாச்சும் ஊருக்கு நல்ல சேதி" என்று சொல்லிச் சிரித்தாள். சுற்றிலும் படுத்திருந்த பெண்கள் அந்த நிலையிலும் சிரித்தார்கள். நாகஜோதியும் சிரித்தாள். ஏன் சிரித்தாள்? சிரிக்காமல் இருந்திருக்கலாமே. இரண்டு வருஷமாக இந்தச் சிரிப்பைச் சிரித்துச் சிரித்து அது தானாக வருகிறது, தும்மல் மாதிரி.

விமானத்தில் வந்திருந்தால் ஒரு காலைப்பொழுதுக்கான வேலை. அவள் கேட்டாள். கேட்காமல் இல்லை. நான் மட்டும் விமானத்தில் போகிறேன், நீங்கள் அரிவாளோடு கப்பலில் வாருங்கள் என்று கேட்டாள். அரிவாள். வெளியே யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டார்கள், எம்.எஸ்ஸி. படித்த பெண் ஓர் அரிவாளுக்குத் துணையாகக் கப்பலில் வந்துகொண்டிருக்கிறாள் என்று. சிவகங்கைப் பக்கம் அவர்கள் குலசாமி கருப்பன். மருமகளுக்கு வயிறு திறக்க வேண்டும் என்று அத்தை ஆளுயர அரிவாள் நேர்ந்துகொண்டாள். நேர்ந்துகொண்டது போர்ட் பிளேர் வீட்டுச் சாமி அறையில். ஆகவே அரிவாளும் அந்த ஊரில்தான் செய்யப்பட வேண்டுமாம், எந்த மண்ணில் நின்று கேட்டோமோ அந்த மண்ணிலிருந்து போக வேண்டுமாம். அந்த ஊரில் அரிவாள் அடிக்கிற உலை எங்கே இருக்கிறது? கிரில் கேட் செய்கிற வெல்டிங் பட்டறையில் தகட்டை வெட்டி வளைத்துக் கொடுத்தார்கள். வாழைமட்டை மாதிரி ஒரு வளைவு. பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கோயிலுக்குப் போகிற பாதையே திருப்பாச்சேத்தி வழியாகத்தான். நாடு முழுக்க அரிவாளுக்குப் பேர்போன ஊர். அந்த ஊர்க் கடைவீதியைத் தாண்டி, வெல்டிங் அரிவாளை வாடகைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு போகப்போகிறோம். விமானத்தில் அதை ஏற்ற மாட்டார்கள். கப்பலிலேயே லேசில் விடவில்லை, சாக்கில் சுற்றி, சணல் கயிறு கட்டி, சரக்கறையில் போட வேண்டியதாயிற்று. சரி, அரிவாள் கப்பலில் போகட்டும், நான் ஏன் போக வேண்டும்? அதற்கும் ஒரு விதி இருந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் கையிலும் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டியவர்கள் கருப்பன் வாசலை மிதிக்கிறவரைக்கும் பிரியக் கூடாது, அரிவாளையும் பிரியக் கூடாது. அத்தை மஞ்சள் கயிறைக் கட்டி முடித்த பிறகுதான் இதைச் சொன்னாள். முன்னாலேயே சொல்லியிருந்தால் கையை நீட்டியிருப்பாளா? நீட்டியிருப்பாள். அதுதான் எரிச்சல். அவளுக்குத் தன்னைத் தெரியும். நாலு நாள் முன்னதாகவே போய்ச் சேர்கிற கப்பல்தானே என்று கணக்குப் போட்டுக்கொண்டு நீட்டியிருப்பாள். பிறகு காற்றழுத்தத் தாழ்வு வந்தது, கப்பலைக் கிளப்பாமல் நிறுத்தி வைத்தார்கள், அவள் போட்ட கணக்கு நாள்நாளாகக் கரைந்தது, எல்லோரும் மழையைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள்.

ஆனால் உண்மையில் அரிவாளும் காரணமில்லை. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் மனசு சேலை நுனி ஆணியில் மாட்டுகிற மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கும். உண்மைக் காரணம் ஒரு வாக்கியம். சோலைராஜ் சொல்லாத வாக்கியம். கல்யாணம் ஆன புதிதில், வேலை கிடைக்கிறவரைக்கும் குழந்தை வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். பயந்துகொண்டே சொன்னாள். அவன் கோபப்படவில்லை. "நீ படிச்சதுக்கு ஒரு வழி பண்ணிக்க ஜோதி. நமக்கென்ன அவசரம்" என்றான். அப்போது அவன்மேல் பொங்கிய பிரியத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஜாக்கிரதையாக இருந்தார்கள், இரண்டு பேரும் சேர்ந்து, ஒருவருக்கொருவர் தெரிந்து. அம்மாவிடம் நான் சொல்லிவிடுகிறேன் என்றான். எத்தனை எளிய வாக்கியம். நாங்களாகத்தான் தள்ளிப் போட்டிருக்கிறோம். இவ்வளவுதான். முதல் மாசம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அப்புறம் சொல்கிறேன் என்றான். அப்புறம் சித்தி மகள் கல்யாணம் முடியட்டும் என்றான். அப்புறம் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, அவள் எடுத்தால் கடையிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்று செல்லைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். அவன் வெளியே போக அவள் உள்ளே நின்றாள். அடுப்படியில், அத்தைக்கு முன்னால். கத்தாழைச் சாறு குடித்தாள். ஒவ்வொரு செவ்வாயும் விரதம் இருந்தாள். யாரோ கொடுத்த வேரை அரைத்துக் கொடுத்தபோது வேதியியல் படித்த நாக்கு அதில் என்னென்ன இருக்கும் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டே விழுங்கியது. மாதாமாதம் அவள் தலைக்குக் குளிக்கிற நாளில் அத்தை பெருமூச்சு விடுவாள். கெட்டவள் இல்லை. அதுவும் சேர்ந்துதான் எரிச்சல். கெட்டவளாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். தனக்காகக் கோயில் தரையில் சோறு போட்டுத் தின்கிற பொம்பிளையை எப்படி வெறுப்பது? இல்லாத நோய்க்காக உண்மையான கண்ணீர் விடுகிறவளுக்கு எதிரே உட்கார்ந்து வெங்காயம் நறுக்க வேண்டும். இரண்டு வருஷமாக நறுக்கினாள். நானே சொல்லியிருக்கலாமே. சொல்லியிருக்கலாம். ஆனால் மருமகள் வாயிலிருந்து வந்தால் அது ஒரு வாக்கியம், மகன் வாயிலிருந்து வந்தால் அது வேறு. அவள் சொன்னால், படிச்ச திமிர், மகனையும் மயக்கி வைத்திருக்கிறாள் என்பார்கள். அவன் சொன்னால், ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, சரி போ என்பார்கள். அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை.

அப்பாவுக்கு அவள் எம்.எஸ்ஸி. முடித்தது புரியவில்லை. கரி படிந்த கையை வேட்டியில் துடைத்துவிட்டுச் சான்றிதழைத் தொடாமலே எட்டிப் பார்த்தார். "இதுக்கு மேலயும் இருக்காத்தா?" என்று கேட்டார். இருக்கிறது என்றாள். "அப்ப இன்னும் முடியலயாக்கும்" என்றார், நியாயமாக. அவரைப் பொறுத்தவரை மூட்டம் போட்டால் பிரிக்கிற நாள் ஒன்று உண்டு, பிரித்தால் கரி. படிப்பு என்கிற மூட்டத்தைப் பிரிக்கிற நாள் இன்று. இன்று பத்து மணி. அவர் ராத்திரியே கேட்டிருப்பார் அம்மாவிடம், புள்ள போய்ச் சேந்துருச்சா என்று. மறுவாய்ப்பு அளிக்கப்பட மாட்டாது. கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கலங்கரை விளக்கம் மேலே ஏறிக் கீழே இறங்கியது. இவனுக்கு உள்ளுக்குள் நான் போகாமலிருந்தால் நல்லது என்று இருக்குமோ? இந்த நினைப்பு நேற்றிலிருந்து வருகிறது, அவள் அதைத் தள்ளுகிறாள், தள்ளினால் அலை மாதிரி பின்வாங்கிவிட்டுத் திரும்ப வருகிறது. வேலை கிடைத்தால் இக்கரைக்குக் குடிவர வேண்டும். வந்துவிடலாம் என்றுதான் சொன்னான். சொல்கிறவன்தான், எல்லாவற்றையும் சொல்கிறவன். கப்பல் கிளம்பாமல் நின்ற நாட்களில் விமான டிக்கெட் பார்க்கிறேன் என்று சொன்னான், புயலால் விமானமும் இல்லை என்றான், நிஜமாகவே பார்த்தானா? சாட்சி கிடையாது. கையில் காப்பு நனைந்து இறுகி, மணிக்கட்டில் மஞ்சள் கோடு விழுந்திருந்தது. அவள் அதை விரலால் நெம்பிக்கொண்டே, பார்த்திருக்க மாட்டான் என்று நினைத்தாள், பார்த்திருப்பான் என்று நினைத்தாள், இந்த மாதிரி ஒரு மனிதனைப் பற்றி நினைக்க வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் சேர்த்து அவன்மேல் கோபம் வந்தது.

அவன் மேலே வந்தான். மூன்று நாள் தாடி, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். கம்பியை அவளுக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றான். "இப்ப கொஞ்சம் பரவால்ல" என்றான். அவள் கிரேன்களையே பார்த்தாள். "டீ குடிச்சியா?" என்று கேட்டான். "ஒன்பதாகப் போகுது" என்றான், அவளுக்குத் தெரியாதது மாதிரி. "ஆமா. கடல்தானே உங்களுக்கு ரோடு. எறங்கி நடங்க, நான் பின்னாலயே வர்றேன்" என்றாள். பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் வேறு பக்கம் பார்த்தார். சோலைராஜ் மாறிப் போட்ட பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் என்று தோன்றியதும் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது, கோபப்படக்கூட ஒழுங்காக விடாத முகம். அப்போதுதான் யாரோ கையை நீட்டிக் காட்டினார்கள். துறைமுகத்து வாயிலிருந்து ஒரு சின்னப் படகு அலையில் முங்கி முங்கி வந்துகொண்டிருந்தது. கப்பலில் ஒரு பெரியவருக்கு விடியற்காலையிலிருந்து நெஞ்சுவலி, கப்பல் டாக்டர் சொல்லி அவரைக் கொண்டுபோகத் துறைமுகப் படகு வருகிறது என்றார்கள். சோலைராஜ் அந்தப் படகையே பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் படியில் இறங்கிப் போனான். வாந்தி வந்திருக்கும் என்று நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஓடிவந்தான். நிஜமாகவே ஓடிவந்தான், ஆடுகிற தளத்தில் தடுமாறிக்கொண்டு, அவளுடைய சான்றிதழ்ப் பையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு. "ஜோதி, வா வா. படகுல நம்மளையும் ஏத்திக்கிறாங்க. இப்பக் கெளம்புனாப் பத்தேகாலுக்குள்ள போயிரலாம்." இவனையா சந்தேகப்பட்டோம்? இரண்டடி நடந்துவிட்டாள். கால் முன்னால் போய்விட்டது, மனசு இன்னும் கம்பியருகேயே இருந்தது, அங்கிருந்து அது கேட்டது, எப்படி? வாயும் கேட்டது. "எப்படிங்க?" "அதெல்லாம் அப்புறம்." "அரிவாள்?" "அது கப்பல்லயே வரட்டும். நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்." அவள் நின்றாள். இன்றைக்கு அரிவாள் தனியாக வரலாம் என்றால் அன்றைக்கு ஏன் வரக் கூடாது? அன்றைக்கு இருந்த கருப்பன் வேறு, இன்றைக்கு இருக்கிற கருப்பன் வேறா? இத்தனை நாள் நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கணக்கு, காப்பு, விதி, எல்லாவற்றையும் இவன் ஒரு நொடியில் உதறுகிறான். உதற முடிகிறவன் ஏன் அன்றைக்கு உதறவில்லை? "டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?" அவன் படிக்கட்டின் மறைவுக்கு அவளை இழுத்தான். குரல் தணிந்தது. "நீ மாசமா இருக்கேன்னு சொன்னேன். நாலு மாசம், அடிவயிறு வலிக்குதுன்னு. வேற என்னத்தச் சொல்ல? வேலைக்குப் போகணும்னு சொன்னா ஏத்துவானா? ஒனக்காகத்தான் ஜோதி. கொஞ்சம் வயித்தப் பிடிச்சுட்டு வா. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். என் வயிறு. இரண்டு வருஷமாக அந்த வயிற்றைப் பற்றி ஒரு உண்மை சொல்லத் துப்பில்லாதவன், ஒரு பொய்யை மூச்சு வாங்குகிற நேரத்தில் சொல்லிவிட்டான். பொய் இவனுக்கு இவ்வளவு எளிதாக வருமா? பெற்ற தாயிடம் நாக்கு எழவில்லை, முன்பின் தெரியாத டாக்டரிடம் நாலு மாசம் என்று கணக்கே சொல்கிறது. ஆனாலும் அவள் கால் படியில் இறங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் பார்த்தாள். தன் காலைத் தானே பார்த்தாள், அது ஒவ்வொரு படியாக வைத்தது. பத்தேகால். பேர் வரிசையில் ந கொஞ்சம் பின்னால்தான் வரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டால் போதும். எத்தனையோ சிரித்தாயே, இது ஒரு சிரிப்பு மாதிரிதான், முகத்தைச் சுளித்தால் போதும். அப்பா. மூட்டம் பிரிக்கிற நாள். படிக்கட்டு முடிகிற இடத்தில் ராஜாமணி அக்கா நின்றிருந்தாள், அவளுக்குப் பின்னால் பங்க்கிலிருந்த பெண்கள். "அடியே கள்ளி!" என்று அக்கா கத்தினாள். கண்ணெல்லாம் தண்ணீர். "டாக்டரு கேக்குறாரு, மாசமான பொண்ணு யாருன்னு. ஒம் புருசன், எம் பொண்டாட்டிதான்ங்குறான். நாலு மாசமாம்ல! எதுத்த பங்க்குல கெடக்கேன், எனக்கே தெரியாமப் பொத்தி வச்சிருக்கியேத்தா! கருப்பன் கண்ணத் தொறந்துட்டான், அருவாக் கப்பல் ஏறும்போதே தொறந்துட்டான்!" அவள் கை நாகஜோதியின் வயிற்றில் படிந்தது. சூடான, எலுமிச்சை வாசமடிக்கிற கை. இன்னொருத்தி நெற்றியில் திருநீறு வைத்தாள். கையைப் பிடித்துக்கொண்டார்கள், இடுப்பைத் தாங்கிக்கொண்டார்கள், பார்த்து, பார்த்து என்றார்கள். இரண்டு வருஷத்தில் யாரும் அவளை இப்படித் தாங்கிப் பிடித்ததில்லை. எழுத்துத் தேர்வில் தேறியபோது இந்த அக்கா, அப்படியா என்று கேட்டுவிட்டு மீன் விலை பேசினாள்.

கீழே, ஆட்கள் இறங்குகிற பக்கவாட்டு வாசல் திறந்திருந்தது. பச்சை அலை வாசலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது. பெரியவரை ஸ்ட்ரெச்சரில் கட்டியிருந்தார்கள், அவர் மகன் காலருகே குந்தியிருந்தான். டாக்டர் இளைஞர், தூங்காத கண், தமிழ்க்காரர். "நீங்கதானா? ரத்தப்போக்கு இருக்கா? கயிறேணி இல்ல, பயப்படாதீங்க, பிடிச்சு இறக்குவாங்க. ஆனா அலை அதிகம். வலி தாங்குற மாதிரி இருந்தா நான் இறக்க மாட்டேன். ஆபத்து. சொல்லுங்க, எப்படி இருக்கு?" எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். சோலைராஜ் பையை நெஞ்சில் அணைத்தபடி அவளைப் பார்த்தான், தலையை லேசாக ஆட்டினான், சொல்லு, சொல்லு என்று. அவளுக்கு அந்த ஒரு கணத்தில் நாளைக்கும் அடுத்த வாரமும் அடுத்த மாசமும் தெரிந்தன. அக்கா அத்தைக்குச் சொல்வாள். அத்தை தெருவுக்குச் சொல்வாள். அத்தை அழுவாள், சந்தோஷத்தில். கோயிலில் பலித்த அரிவாள் என்று நட்டுப் பொங்கல் வைப்பார்கள். பிறகு ஐந்தாம் மாசம் வரும். அதற்குள் இந்தப் பொய்யை முடித்தாக வேண்டும், அதை முடிக்க ஒரே வழிதான் இருக்கிறது, இல்லாத குழந்தையைக் கலைக்க வேண்டும். கலைந்துபோயிற்று என்று அவன் அம்மாவிடம் சொல்வான், அந்தப் பொய்யும் எளிதாக வரும் அவனுக்கு. வேலை வேலை என்று அலைந்து கலைத்துக்கொண்டாள் என்பார்கள். படகில் குதித்து இறங்கினாளாம், தங்கினால்தானே என்பார்கள். பிறக்காத பிள்ளையைக் கொன்றவள் என்ற பேரோடு, ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிப்பாள். ஒன்றுமில்லாததற்கு இத்தனை பேர் துக்கம் விசாரிக்க வருவார்கள், அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார வேண்டும். வெங்காயம் நறுக்க வேண்டும்.

"எனக்கு வலி இல்ல டாக்டர்" என்றாள். குரல் அவள் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்தது. "நான் மாசமாவும் இல்ல. இன்னிக்குப் பத்து மணிக்கு எனக்கு வேலைக்குச் சர்டிபிகேட் பாக்குறாங்க. போகலன்னா அந்த வேலை போயிரும். அதுக்குத்தான் எறங்கணும். ஏத்திக்கிட்டுப் போறீங்களா?" தண்ணீர் மட்டும் இரும்பில் மோதியது. டாக்டர் அவளையும் சோலைராஜையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தது, வந்ததை அடக்கினார். "ஏம்மா, நெஞ்சுவலிக்காரரை வச்சுக்கிட்டு நிக்கிறேன். விளையாட்டா இது? இந்தக் கப்பல்ல எல்லாருக்கும்தான் கரையில ஏதோ ஒண்ணு இருக்கு" என்றார். அது நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தது, அதனால் அவமானமாக இருந்தது, அவமானம் தன்னுடையது இல்லை என்பதும் தெரிந்தது. கண்ணாடிப் பீக்கரில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தால் ஒரு சொட்டில் நிறம் மாறிவிடும், அதற்கப்புறம் அந்தச் சொட்டைத் திரும்ப எடுக்க முடியாது. பெரியவரை இறக்கினார்கள். மகன் இறங்கினான். அந்தப் படகில் இன்னும் இரண்டு பேர் உட்கார இடம் இருந்தது. அவள் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், ஈரமான பலகை, ஒரு ஆரஞ்சு மிதவை. படகு விலகியது. வாசலை இழுத்து மூடினார்கள்.

"இதென்னத்தா கூத்து" என்றாள் ராஜாமணி அக்கா. கையை வயிற்றிலிருந்து எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் தன் சேலையில் துடைத்துக்கொண்டாள். "அப்ப நான் ஒங்க மாமியாகிட்ட என்னத்தச் சொல்ல? படிக்கட்டுப் பக்கம் டவரு கெடச்சுச்சேன்னு நீ எறங்கி வர்றதுக்குள்ளயே போனப் போட்டுட்டேனே. அந்த மனுசி போன்லயே குலவை போட்டாளே!" நாகஜோதி சோலைராஜைப் பார்த்தாள். அவன் மூடிய வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் ஒவ்வொருவராக, பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டு, பங்க்குக்குப் போனார்கள். அவள் மேல்தளத்துக்கு ஏறினாள். அவன் பின்னாலேயே வந்தான், பையை இன்னும் விடவில்லை. படகு இப்போது கிரேன்களுக்குக் கீழே ஒரு புள்ளி. பத்து தாண்டிவிட்டது. ஒரு நாற்காலி வரிசை, ஒரு மின்விசிறி, ஒரு பெண் கதவருகே நின்று பேர்களை வாசிக்கிறாள், நா, நாகஜோதி, நாகஜோதி வந்திருக்காங்களா, நிமிர்ந்து பார்க்கிறாள், அடுத்த பேரை வாசிக்கிறாள். இவ்வளவு கிட்டத்தில். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. கோபம்தான் இருந்தது. அது போகட்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. "எனக்காகன்னு இனிமே ஒண்ணும் செய்யாதீங்க" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ போகணும்னு நெசமாத்தான் நெனச்சேன் ஜோதி" என்றான். அது உண்மையாகத்தான் இருக்கும். உண்மையாக இருந்து என்ன?

அவன் சட்டைப் பையில் செல் அடித்தது. எடுத்துப் பார்த்தான். அம்மா. அடித்துக்கொண்டே இருந்தது. அவன் அதை அவள் பக்கம் நீட்டினான், பழக்கத்தில் நீட்டுகிற மாதிரி, "நீ பேசேன், ஒன்கிட்டத்தான் பேசணும்பாங்க" என்றான். அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "உங்க அம்மா" என்றாள். அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. அவன் கடலைப் பார்த்தான், படிக்கட்டைப் பார்த்தான். கடையிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வெளியே போக இங்கே வெளி இல்லை. மூன்றாம் முறை அடித்தபோது எடுத்துக் காதில் வைத்தான். அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்புமாக ஒரு குரல் காற்றில் கிழிந்து கிழிந்து அவளுக்கும் கேட்டது, எந்தங்கமே, எங்கருப்பா, அவளப் படியில ஏறவிடாதடா. "அம்மா" என்றான். குரல் நிற்கவில்லை. "அம்மா, கொஞ்சம் நில்லு. நான் சொல்றதக் கேளு. ராஜாமணி அக்கா சொன்னது இல்ல. அது பொய்யி. நான் சொன்ன பொய்யி." அந்தப் பக்கம் சட்டென்று ஓய்ந்தது. எங்கோ கப்பலின் அடிவயிற்றில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சோலைராஜ் செல்லைக் காதில் அழுத்தியபடி நாகஜோதியைப் பார்த்தான். அவள் வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை. இரண்டு வருஷமாகச் சொல்லாத அந்த அடுத்த வாக்கியம் என்ன என்பது அவனுக்குத் தெரியும். அதை அவன் சொல்கிறவரைக்கும் அவள் அந்த இடத்தைவிட்டு நகர்வதாக இல்லை.